முகத்தின் நிறம் தவறும்போதும் கூர்மை குறையும்போதும்: உருவப்படத் திருத்தத்தில் பிழை நீக்கும் வழிமுறை

படத்தில் ஒரு முகம் சரியாக வரவில்லை என்று தெரிந்தவுடன் கைக்கு அகப்பட்ட ஸ்லைடரை இழுத்துப் பார்ப்பது நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம். ஆனால் முகத்தில் தெரியும் மஞ்சள் விளக்கிலிருந்து வந்திருக்கலாம், பக்கத்துச் சுவரிலிருந்து வந்திருக்கலாம், நலங்கில் பூசிய மஞ்சளாகவே இருக்கலாம், அல்லது படத்தில் குறையே இல்லாமல் உங்கள் திரை மட்டும் மஞ்சளடித்துக் கிடக்கலாம். மங்கலுக்கும் இப்படிப் பல பிறப்பிடங்கள் உண்டு. காரணம் தெரியாமல் செய்யும் திருத்தம் ஒரு குறையை மூடி வேறொரு குறையைத் திறந்துவிடுகிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கி, காரணத்தைச் சோதித்து உறுதி செய்துகொண்டு, பிறகு திருத்தத்துக்குச் செல்லும்படி இதை எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் திருமணம், வீட்டு விசேஷம், ஸ்டூடியோ உருவப்படம் ஆகியவற்றைச் சார்ந்தவை. லைட்ரூம், போட்டோஷாப் ஆகியவற்றின் பெயர்களைச் சொன்னாலும், கட்டணமில்லாத டார்க்டேபிள், ரா தெரபி, ஜிம்ப் ஆகியவற்றிலும் ஏறக்குறைய இதே கருவிகள் இருக்கின்றன.

வேலையின் வரிசை முக்கியமானது: திரை, வெண்சமநிலை (ஒளியின் சாயலை ஈடுசெய்து வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவது), வெளிச்சம், தனி நிறங்கள், இரைச்சல் (நிழலில் மணல் தூவியது போலத் தெரியும் புள்ளிகள்) நீக்கம், கடைசியாகக் கூர்மை. வெளிச்சத்தைச் சரிசெய்யாமல் நிறத்தின் செறிவைத் தொட்டாலும், இரைச்சலை நீக்காமல் கூர்மையைக் கூட்டினாலும், செய்த வேலையை மீண்டும் செய்ய நேரும்.

எந்தப் படத்தைத் திறந்தாலும் ஒரே சாயல் தெரிகிறது

வெவ்வேறு நாளில், வெவ்வேறு இடத்தில் எடுத்த படங்கள் அனைத்தும் ஒரே பக்கம் சாய்ந்து தெரிந்தால் குறை படங்களில் இல்லை. முதலில் கணினியிலும் கைப்பேசியிலும் இரவு நேர மஞ்சள் வடிகட்டி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். திரையை அளவீட்டுக் கருவி கொண்டு 6500 கெல்வின் வெண்மைக்கும், காமா 2.2க்கும், சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா வெளிச்சத்துக்கும் அமைத்துக்கொள்வது நல்லது. கருவி இல்லாதவர்கள், லேபில் நன்றாக அச்சாகி வந்த ஒரு படத்தின் கோப்பைத் திரையில் திறந்து, அச்சைப் பக்கத்தில் வெள்ளை வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டால், திரை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதாவது புரியும். அறையின் சுவர் பச்சையாகவோ ரோஜா நிறமாகவோ இருந்தால் கண்ணே அதற்குப் பழகிவிடும் என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

முகம் முழுவதும் மஞ்சளாக அல்லது நீலமாக இருக்கிறது

இதுவே மிகப் பரவலான குறை. திருத்துவதற்கு எளிதானதும் இதுதான். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளக்கிறார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். குண்டு விளக்கின் ஒளி 2700 முதல் 3000 கெல்வின் வரை இருக்கும். நண்பகல் வெயிலும் ஃபிளாஷும் ஏறக்குறைய 5500. மர நிழலும் கட்டட நிழலும் 7000க்கு மேல் போகும். கேமரா ஒன்றைக் கருதிக்கொண்டிருக்க, ஒளி வேறொன்றாக இருந்தால் முகம் முழுவதும் ஒரே சீராகச் சாயல் ஏறும். ரா கோப்பாக (கேமரா பதிந்த தரவு அப்படியே உள்ள கோப்பு) இருந்தால் டெம்பரேச்சர் (மஞ்சள், நீலம்), டிண்ட் (பச்சை, மெஜந்தா) ஆகிய இரண்டு ஸ்லைடர்களால் சேதமின்றித் திருத்திவிடலாம், ஏனெனில் 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் உண்டு. ஜேபெக்கில் 256 படிகள்தான். மேலும் கேமரா ஏற்கெனவே ஒரு முடிவை எடுத்து மிச்சத்தை எறிந்துவிட்டது. ஆகவே ஜேபெக்கில் சிறிய சாயலை மட்டுமே முழுமையாக நீக்க முடியும். பெரிய சாயலை நீக்கினால் நிழற்பகுதிகளில் வேறு நிறத் திட்டுகள் எழும்.

வெண்சமநிலைக்கான துளிக்கருவியை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. வேட்டி வெள்ளைதானே என்று அதன்மேல் வைப்பவர்கள் பலர். நம் வேட்டியும் சட்டையும் சொட்டு நீலம் போட்டு அலசப்படுபவை. சலவைத்தூளிலும் புற ஊதாவை வாங்கி நீலமாக உமிழும் பொருள் கலந்திருக்கிறது. அந்த நீலத்தை நடுநிலை என்று மென்பொருளிடம் சொன்னால், அதை ஈடுகட்ட முகத்தை மஞ்சளாக்கிவிடும். மல்லிகைப்பூ லேசான தந்த நிறம் கொண்டது. அதன்மேல் வைத்தால் முகம் நீலத்துக்கு நகரும். கண்ணின் வெண்படலத்தில் சிவப்பு நரம்புகள் இருப்பதால் அதுவும் நம்பத்தக்கதன்று. நெற்றியில் தடித்துப் பூசிய விபூதி ஓரளவு உதவும். மெலிதாகப் பூசியிருந்தால் தோலின் நிறம் ஊடுருவி அளவைக் கெடுக்கும். எல்லாவற்றிலும் சிறந்தது, ஒளி மாறும் ஒவ்வோர் இடத்திலும் 18 சதவீதச் சாம்பல் அட்டையை முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது. ஒரு திருமணத்துக்கு ஏழெட்டு அட்டைப் படங்கள் போதும். பல நூறு படங்களுக்கான வேலை குறைந்துவிடும்.

அட்டை இல்லாதபோது எண்களை நம்புவது கண்ணை நம்புவதைவிட மேல். போட்டோஷாப்பில் துளிக்கருவியின் அளவை 11×11 சராசரிக்கு மாற்றி, பளபளப்பும் நிழலும் இல்லாத நெற்றிப் பகுதியில் வைத்துத் தகவல் பலகத்தைப் பாருங்கள். மனிதத் தோலில் சிவப்பு எண் மிகுந்தும், பச்சை இடையிலும், நீலம் குறைந்தும் இருக்கும். மாநிறமான ஒரு நெற்றி 168, 118, 90 என்று காட்டினால், அதன் நிறக்கோணம் (ஹியூ; நிறவட்டத்தில் சிவப்பை 0 பாகையாகக் கொண்டு அளக்கும் இடம்) ஏறக்குறைய 21 பாகை. சிவந்த தோலானாலும் கறுத்த தோலானாலும் இந்தக் கோணம் பெரும்பாலும் 15க்கும் 30க்கும் இடையில்தான் நிற்கிறது. மாறுபவை வெளிச்சமும் செறிவுமே. கோணம் 10க்குக் கீழே இறங்கினால் ரோஜாச் சாயல் ஏறியிருக்கிறது, டிண்டைப் பச்சைப் பக்கம் சற்று நகர்த்த வேண்டும். 35ஐத் தாண்டினால் மஞ்சளோ பச்சையோ ஏறியிருக்கிறது. ஒரே விதிவிலக்கு, மஞ்சள் பூசிய முகம். நலங்குப் படங்களில் அந்த மஞ்சள் உண்மையானது. எண்ணைப் பார்த்து அதை நீக்கிவிட்டால் சடங்கையே படத்திலிருந்து நீக்கியதாகிவிடும். அங்கே மஞ்சள் பூசாத முன்கையிலோ, அருகில் நிற்பவரின் முகத்திலோ அளவெடுங்கள்.

ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம்

ஜன்னலருகே நிற்க வைத்து, உள்ளே விளக்கையும் எரியவிட்டு எடுத்த படங்களில் இது வரும். முகம் முழுவதற்கும் ஒரே வெண்சமநிலை இங்கே பொருந்தாது. ஒரு பக்கத்தைத் திருத்தினால் மறுபக்கம் மேலும் கெடும். முதன்மை ஒளி எதுவோ அதற்கேற்ப முழுப் படத்தையும் அமைத்துவிட்டு, மறு கன்னத்தின்மேல் மட்டும் பிரஷ் மாஸ்க் (திருத்தம் படவேண்டிய இடத்தை மட்டும் வரைந்து குறிப்பது) இட்டு டெம்பரேச்சரை எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். மாஸ்கின் ஓரம் மூக்குத்தண்டின் மேல் மெதுவாகக் கரைய வேண்டும். கன்னத்தின் நடுவில் முடிந்தால் கோடு தெரியும். சாயலை முற்றிலும் துடைத்துவிடாமல் மூன்றில் ஒரு பங்கை விட்டுவைப்பதை நான் விரும்புகிறேன், ஏனெனில் அந்த அறையில் விளக்கு எரிந்தது என்பது படத்தின் பகுதி. ஜேபெக் கோப்பில் இதே வேலையை, நல்ல கன்னத்திலிருந்து நிறத்தை எடுத்து, கலர் கலப்பு முறையில் வைத்த புதிய லேயரில் 20 முதல் 40 சதவீத அடர்த்தியில் பூசிச் செய்யலாம்.

தாடைக்குக் கீழே பச்சை படிந்திருக்கிறது

வேப்பமரத்தடி, தோட்டம், புல்வெளி, பச்சை வண்ணம் அடித்த வராந்தா ஆகியவற்றின் விளைவு இது. ஒளி இலையில் பட்டுத் தெறித்துக் கீழிருந்து மேலாக ஏறுவதால் தாடை, கழுத்து, மூக்கின் அடிப்பகுதி ஆகியவை மட்டும் பச்சையாகும். நெற்றி சரியாக இருக்கும். நெற்றியில் அளவெடுத்து வெண்சமநிலையை முடித்த பிறகு, பச்சை படிந்த இடங்களில் மட்டும் டிண்டை மெஜந்தாப் பக்கம் 10 முதல் 20 வரை நகர்த்தினால் போதும். முழுப் படத்தின் டிண்டை நகர்த்தினால் உதடும் நெற்றியும் ஊதாவாகிவிடும்.

எண்கள் சரி, ஆனாலும் முகம் உயிரற்றுச் சாம்பலாகத் தெரிகிறது

மலிவான எல்இடி விளக்குகளின் கீழ் எடுத்த படங்களில் இதை அடிக்கடி காணலாம். விளக்குப் பெட்டியில் அச்சிடும் சிஆர்ஐ எண் (நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) எட்டு மென்னிறங்களின் சராசரி மட்டுமே. ஆழ்ந்த சிவப்பைச் சோதிக்கும் ஆர்9 அந்தக் கணக்கில் சேராது. எனவே சிஆர்ஐ 80 என்று போட்ட விளக்கிலும் சிவப்பு மிகவும் குறைந்திருக்கலாம். தோலுக்கு அடியில் ஓடும் இரத்தத்தின் சாயலைக் காட்டுவது அந்தச் சிவப்புதான்; அது ஒளியிலேயே இல்லையென்றால் வெண்சமநிலை அதைத் திரும்பக் கொண்டுவராது. டிண்டை மெஜந்தாப் பக்கம் சிறிது நகர்த்தி, ஒவ்வொரு நிறத்தையும் தனியே திருத்தும் எச்எஸ்எல் பலகத்தில் ஆரஞ்சு செறிவை 5 முதல் 10 வரையும், சிவப்புச் செறிவை அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் ஏற்றிப் பாருங்கள். வைப்ரன்ஸை ஏற்றினால் தோலைவிட நீலமும் பச்சையும்தான் அதிகமாகத் துள்ளும். இங்கே அது பயன்படாது.

மேடை விளக்கில் முகம் முழுவதும் ஊதா

வரவேற்பு மேடையின் வண்ண எல்இடி விளக்குகள் நேரடியாக முகத்தில் விழுந்திருந்தால், படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் (ஆர்ஜிபி) ஆகிய மூன்று அலைவரிசைகளில் பச்சை ஏறக்குறைய காலியாக இருக்கும். தெருவின் பழைய குறைந்த அழுத்தச் சோடியம் விளக்கிலும் இதே சிக்கல்தான். அதன் ஒளி 589 நானோமீட்டரை ஒட்டிய ஒரு குறுகிய பட்டைக்குள் குவிந்திருப்பதால், அந்த ஒளியில் வேறு நிறங்கள் வெளிப்படவே வழியில்லை. பதிவாகாத நிறத்தை எந்த மென்பொருளும் மீட்காது. ஒவ்வோர் அலைவரிசையையும் தனித்தனியே திறந்து பார்த்து, எதில் முகத்தின் ஒளியும் நிழலும் மென்மையாக விழுந்திருக்கிறதோ அதை மட்டும் வைத்துக் கறுப்பு வெள்ளையாக்குவதே நேர்மையான வழி. இதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

முகம் கறுத்து வந்திருக்கிறது

இந்தக் குறையை நிறக் குறை என்று எண்ணி நிறத்தைத் தொடுவதுதான் நம் ஸ்டூடியோக்களில் நெடுநாளாக நடக்கும் தவறு; பல ஆயிரம் முகங்கள் அதனால் சுண்ணாம்படித்தது போல ஆல்பங்களில் உறைந்து கிடக்கின்றன. இது வெளிச்சக் குறை. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்க முயல்கிறது. வெள்ளை வேட்டி சட்டையில், வெள்ளைச் சுவரின் முன் மாப்பிள்ளையை நிறுத்தி எடுத்தால், சட்டத்துக்குள் வெண்மை மிகுந்திருப்பதால் மானி ஒளியைக் குறைத்துவிடும். முகம் தன் இயல்பைவிடக் கறுத்துப் பதிவாகும். போதிய ஒளி பெறாத மாநிறத் தோல் செறிவு மிகுந்து செம்பழுப்பாகவும் தெரியும். இதைக் கண்டு செறிவைக் குறைத்து, மஞ்சளையும் ஆரஞ்சையும் வெளுப்பாக்கினால், முகம் சாம்பல் பூசியதாகிவிடும்.

சரியான வழி, முகத்தில் மட்டும் மாஸ்க் இட்டு எக்ஸ்போஷரை 0.3 முதல் 0.8 வரை ஏற்றுவது. நிழற்பகுதியை மட்டும் உயர்த்தும் ஸ்லைடரை அதிகம் இழுத்தால் கன்னத்தின் வடிவம் தட்டையாகும், எக்ஸ்போஷரே சிறந்தது. கழுத்தும் கைகளும் மாஸ்கில் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்; முகம் ஒரு நிறம், கை ஒரு நிறமாக இருக்கும் மணப்பெண் படங்கள் இந்தக் கவனக்குறைவால்தான் வருகின்றன. கர்வ் கொண்டு கான்ட்ராஸ்டை ஏற்றினால் செறிவும் கூடவே ஏறி முகம் சிவக்கும். அந்த லேயரை லூமினாசிட்டி கலப்பு முறைக்கு மாற்றினால் நிறம் நகராமல் ஒளி மட்டும் மாறும்.

எங்கே நிறுத்துவது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. அதே மனிதரை நிழலில், பகல் ஒளியில், எந்த வடிகட்டியும் இல்லாமல் எடுத்த ஒரு படத்தைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். நிறக்கோணமும் செறிவும் அதை ஒட்டி வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் வெளுப்பாக்குவது திருத்தம் ஆகாது. கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் பல ஆண்டுகள் வெள்ளைத் தோல் பெண்களே இருந்தார்கள். அந்த முகம் நன்றாக வந்தால் அச்சு சரி என்று உலகெங்கும் கொள்ளப்பட்டது. பல நிறத்தவரும் சேர்ந்த அட்டை 1990களின் நடுவில்தான் வந்தது. அந்த அளவுகோல் நமக்குப் பொருந்தாத ஒன்று. கறுத்த தோலில் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் ஒளிக்கீற்று எவ்வளவு அழகாகப் பதிவாகும் என்பதை வெளுப்பாக்காமல் ஒருமுறை அச்சிட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். தரகரிடம் கொடுக்கும் படத்துக்காக நிறத்தை ஏற்றித் தரச் சொல்லும் குடும்பத்தாரிடமும், முகத்துக்குப் போதிய ஒளியைத் தந்து திருத்திய படத்தை முதலில் காட்டினால், பெரும்பாலும் அதுவே போதும் என்று ஏற்றுக்கொள்கிறார்கள்.

சிவப்புப் பட்டு களிம்பு போல் தெரிகிறது, குங்குமம் ஒட்டுப்பொட்டு போல் தெரிகிறது

கூறைப்புடவையின் மடிப்பும் சரிகை நெசவும் மறைந்து ஒரே சிவப்புத் திட்டாகத் தெரிந்தால், சிவப்பு அலைவரிசை 255ஐத் தொட்டு நிரம்பிவிட்டது என்று பொருள். பொதுவான ஹிஸ்டோகிராம் (படத்தில் எந்த ஒளி அளவு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம்) இதை மறைத்துவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறக்க வேண்டும். ரா கோப்பில் கேமராவின் விவிட் அல்லது ஸ்டாண்டர்ட் சுயவிவரத்தை நியூட்ரலுக்கு மாற்றினாலே பாதி நெசவு திரும்பிவிடும். பிறகு சிவப்புச் செறிவை 10 முதல் 25 வரை குறைத்து, சிவப்பின் ஒளிர்வையும் சிறிது இறக்கலாம். ஜேபெக்கில் வேறொரு வழி இருக்கிறது: சிவப்பு நிரம்பிய இடத்திலும் பச்சை அலைவரிசையில் மடிப்புகள் உயிரோடு இருக்கும். பச்சையை மட்டும் கறுப்பு வெள்ளை லேயராக எடுத்து, லூமினாசிட்டி முறையில், புடவைக்கு மட்டும் மாஸ்க் இட்டு 20 முதல் 30 சதவீத அடர்த்தியில் கலந்தால் நெசவு மேலெழும். முகத்துக்கான திருத்தத்தில் சிவப்பைத் தொடும்போதெல்லாம் குங்குமமும் உதடும் சேர்ந்து மாறும் என்பதால், மாஸ்க் இல்லாமல் சிவப்பைத் தொடாமலிருப்பது நல்லது.

முகத்தின் குறுக்கே மஞ்சளும் இருளுமாகப் பட்டைகள்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த குழல் விளக்கும் தரமற்ற எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுங்கும். அதைவிட வேகமான ஷட்டரில் எடுத்தால் பட்டை விழும். நேர்கோட்டு கிரேடியன்ட் மாஸ்க்கைப் பட்டையின் மேல் வைத்து ஒளியையும் டெம்பரேச்சரையும் ஈடுசெய்யலாம், ஆனால் வேலை நீளும். அடுத்த முறை 1/50 அல்லது 1/100 ஷட்டரில் எடுப்பதே தீர்வு.

படம் மங்கல்: முதலில் எந்த வகை மங்கல் என்று பாருங்கள்

கூர்மைக் கருவியைத் தொடுவதற்கு முன் படத்தை 100 சதவீதத்தில் திறந்து, ஓர் ஒளிப்புள்ளியைத் தேடுங்கள். கண்மணியில் தெரியும் ஜன்னல் ஒளி, மூக்குத்தியின் கல்லில் மின்னும் புள்ளி, சரிகையின் மினுக்கு ஆகியவை இதற்குப் போதும். புள்ளி சிறு கோடாக நீண்டு, பின்னணியிலும் எல்லாப் புள்ளிகளும் அதே திசையில் நீண்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. பின்னணி தெளிவாக இருந்து முகத்தில் மட்டும் கோடு நீண்டால், எடுக்கப்பட்டவர் அசைந்திருக்கிறார். புள்ளி வட்டமாகவே உப்பியிருந்தால் குவியம் தவறியிருக்கிறது. அப்போது வேறு ஏதோ ஒன்று கூர்மையாக இருக்கும். காதின் ஜிமிக்கி கல் கல்லாகத் தெரிந்து கண் இமை மங்கியிருந்தால் குவியம் பின்னால் போய்விட்டது. 85 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 திறப்பில், முழுச்சட்ட கேமராவில், 2 மீட்டர் தொலைவில் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 6 செ.மீ. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் அதைவிட அதிகத் தொலைவு இருப்பதால், சிறிய தவறும் கண்ணை மங்கலாக்கிவிடும்.

இவற்றில் லேசான குவியத் தவறை மட்டுமே ஓரளவு திருத்த முடியும். ரா தெரபியில் உள்ள ஆர்எல் டீகன்வல்யூஷன் இதற்கு ஏற்றது. 1972இல் ரிச்சர்ட்சனும் 1974இல் லூசியும் தனித்தனியே வகுத்த கணக்குமுறை அது. மங்கல் எப்படிப் பரவியது என்று கருதி அதைப் பின்னோக்கிக் கணக்கிடுவதால், ஓரங்களை மட்டும் தடிப்பாக்கும் பிற முறைகளைவிட இயல்பான விளைவைத் தருகிறது. கை அசைந்த படத்தையும் ஆள் அசைந்த படத்தையும் சிறிய அளவில் அச்சிட்டுக்கொள்வதே நல்லது. 4×6 அங்குலத்தில் தெரியாத அசைவு 12×36 ஆல்பத் தாளில் பளிச்சென்று தெரியும்.

படம் சரிதான், கண்கள் மட்டும் துலங்கவில்லை

இங்கேதான் கூர்மைக் கருவிக்கு உண்மையான வேலை. அன்ஷார்ப் மாஸ்க் என்ற பெயர் இருட்டறைக் காலத்தது: மங்கலான ஒரு நகலை மூலத்தோடு சேர்த்து வைத்து, ஓரங்களின் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டினார்கள். மென்பொருளும் அதையே செய்கிறது. 24 மெகாபிக்சல் உருவப்படத்துக்கு லைட்ரூமில் அமவுன்ட் 40 முதல் 70, ரேடியஸ் 0.8 முதல் 1.0, டீட்டெயில் 20 முதல் 30 என்று தொடங்கலாம். மாஸ்கிங் ஸ்லைடரை ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே நகர்த்தினால் கறுப்பு வெள்ளையில் மாஸ்க் தெரியும். கன்னமும் நெற்றியும் முழுக் கறுப்பாகி, இமை, புருவம், உதட்டின் விளிம்பு, கூந்தல் ஆகியவை மட்டும் வெள்ளையாக நிற்கும் வரை, பெரும்பாலும் 60 முதல் 80 வரை, கொண்டு போங்கள். போட்டோஷாப்பில் நகல் லேயரில் ஹைபாஸ் 1 முதல் 2 பிக்சல் கொடுத்து, ஓவர்லே முறையில் வைத்து, மாஸ்க்கைக் கறுப்பாக்கிக் கண்களில் மட்டும் வெள்ளையால் வரைவதும் இதே பலனைத் தரும். கண்ணின் வெண்படலத்தை வெளுப்பாக்க வேண்டாம். கருவிழியின் கீழ்ப்பாதியில் எக்ஸ்போஷரை 0.2 அளவு உயர்த்தினால் கண் தானே துலங்கும்.

கூர்மை கூட்டிய பின் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு

ரேடியஸ் மிகுந்துவிட்டது. கூந்தலும் வானமும் சந்திக்கும் இடத்தில் இது முதலில் தெரியும். ரேடியஸை 1க்குக் கீழே இறக்குங்கள்; லேயரின் பிளென்ட் இஃப் அமைப்பில் மிகு வெண்மைப் பகுதியை விலக்கினால் எஞ்சிய கோடும் அடங்கும். கோடு வெள்ளையாக இல்லாமல் ஊதாவாகவோ பச்சையாகவோ இருந்தால் அது லென்ஸின் நிறப்பிறழ்ச்சி. லென்ஸ் திருத்தப் பலகத்தில் அதை நீக்கிவிட்டுப் பிறகு கூர்மைக்கு வர வேண்டும்.

தோல் கரடுமுரடாகிவிட்டது, அல்லது மெழுகு பொம்மை போல் ஆகிவிட்டது

இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் ஒரே கவனக்குறைவிலிருந்து வருபவை: தோலின் நுண்மையையும் நிறத் திட்டுகளையும் பிரித்துப் பார்க்காமை. கிளாரிட்டி நடுத்தர அளவு வேறுபாடுகளைக் கூட்டுவதால் கண்ணுக்குக் கீழுள்ள நிழலும் பருத் தழும்பும் தடிக்கும். உருவப்படத்தில் அதைத் தொடாமலிருப்பதே மேல். 2019இல் லைட்ரூமில் சேர்ந்த டெக்ஸ்சர் ஸ்லைடர் நுண்மையை மட்டும் தொடும். தோலுக்கு மாஸ்க் இட்டு அதை -10 முதல் -20 வரை இறக்கினால் போதுமானது. அதற்கு மேல் இறக்கினால் மயிர்த்துளைகள் மறைந்து முகம் மெழுகாகும்.

திட்டுகள் அதிகமுள்ள முகத்துக்கு அலைவெண் பிரிப்பு முறையைப் பின்பற்றலாம். கீழ் லேயரை 6 முதல் 10 பிக்சல் காஸியன் பிளர் கொண்டு மங்கலாக்கி, மேல் லேயரில் அப்ளை இமேஜ் வழியாக அதைக் கழித்து, ஸ்கேல் 2, ஆஃப்செட் 128 கொடுத்து, லீனியர் லைட் முறையில் வையுங்கள்; இது 8 பிட் கோப்புக்கான கணக்கு. இனி கீழ் லேயரில் நிறத் திட்டைச் சமன் செய்தாலும் மேல் லேயரின் தோல் நுண்மை அப்படியே இருக்கும். ஜிம்பில் வேவ்லெட் டீகம்போஸ் இதே பிரிப்பைத் தானே செய்து தரும். மச்சம், பிறவித் தழும்பு ஆகியவற்றை உரியவரைக் கேட்காமல் நீக்கக் கூடாது. பரு ஒரு வாரத்தில் போய்விடும் என்பதால் அதை நீக்கலாம்.

நிழலில் மணல் தூவியது போல இருந்தால் அது இரைச்சல். நிற இரைச்சலை முழுவதுமாக நீக்குங்கள். ஒளி இரைச்சலைப் பாதிக்கு மேல் நீக்க வேண்டாம்.

திரையில் நன்றாக இருந்தது. கைப்பேசியிலும் அச்சிலும் மாறிவிட்டது

கைப்பேசியில் நிறம் வெளிறித் தெரிந்தால், அடோபி ஆர்ஜிபி அல்லது புரோஃபோட்டோ நிறவெளியில் ஏற்றுமதி செய்திருப்பீர்கள். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, சுயவிவரத்தைக் கோப்பில் பதித்து அனுப்புங்கள். கூர்மை போய்விட்டிருந்தால் செயலி படத்தைச் சுருக்கியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் கோப்பு மாறாமல் போய்ச் சேரும். அச்சு இருண்டு வந்தால், திரை மிகவும் பிரகாசமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆல்பம் முழுவதையும் லேபுக்கு அனுப்பும் முன், ஐந்தாறு முகங்களை ஒரே தாளில் அடுக்கிச் சோதனை அச்சு எடுத்துப் பார்க்கும் செலவு மிகச் சிறியது. இறுதிக் கூர்மையை அளவு தீர்மானமான பிறகே சேர்க்க வேண்டும்: 12×8 அங்குல அச்சுக்கு 300 டிபிஐயில் 3600×2400 பிக்சல் என்று அளவை மாற்றிக்கொண்டு, திரையில் சற்று மிகையாகத் தெரியும் அளவு கூர்மை கொடுத்தால், மை பரவிய பின் அச்சில் அது அளவாகத் தெரியும்.

பழைய அச்சிலிருந்து பெரிதாக்கும் முகம்

படத்திறப்புக்காக மறைந்தவரின் பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் கொண்டுவந்து, பெரிதாக்கிக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. பெரும்பாலும் அதுவே அவருடைய ஒரே படமாக இருக்கும். ஆகவே மிகுந்த பொறுப்போடு செய்ய வேண்டிய வேலை இது. 1970, 80களின் வண்ண அச்சு முழுவதும் செந்நிறமாகியிருந்தால், சயான் சாயம் மற்றவற்றைவிட முன்னதாக மங்கியிருக்கிறது. வெண்சமநிலைக் கருவி இதற்குப் போதாது. லெவல்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே திறந்து, ஒவ்வொன்றின் கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் ஹிஸ்டோகிராம் தொடங்கி முடியும் இடத்துக்குக் கொண்டுவந்தால் நிறம் பெருமளவு திரும்பும். அதன் பிறகு மூத்த மகனையோ மகளையோ அருகில் உட்கார வைத்து, அப்பாவின் நிறம் இதுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; இங்கே அவர்களின் நினைவைவிடச் சிறந்த சாம்பல் அட்டை கிடையாது.

கூர்மையில் கட்டுப்பாடு தேவை. 35×45 மி.மீ. படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 827×1063 பிக்சல் கிடைக்கும். 1200இல் செய்தாலும் தாளின் சொரசொரப்புதான் கூடுதலாகப் பதிவாகும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இதை நொடியில் பளிச்சென்று ஆக்கித் தரும். ஆனால் படத்தில் இல்லாத இமை மயிரையும், பல் வரிசையையும், கருவிழியின் கோடுகளையும் அவை வேறு முகங்களிலிருந்து கற்றதைக் கொண்டு வரைகின்றன. வீட்டார் படத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் இவர் அவர் மாதிரி இல்லையே என்று தயங்கினால், பிழை பெரும்பாலும் கண்களில்தான் இருக்கும். அத்தகைய கருவியைப் பயன்படுத்தினால் அதை உடைக்கும் பின்னணிக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, கண், மூக்கு, வாய் ஆகியவற்றில் மாஸ்க் இட்டு மூலத்தையே திரும்பக் கொண்டுவாருங்கள். 12×18க்கு இழுக்காமல், 8×10 அங்குலத்தில் மேட் தாளில் அச்சிட்டு, சுற்றிலும் அகலமான வெள்ளை மவுன்ட் விட்டு 12×15 சட்டத்தில் பொருத்தினால், மாலை போடுவதற்கும் இடம் இருக்கும், கூடத்தின் மறுகோடியில் நிற்பவருக்கும் முகம் அடையாளம் தெரியும்.